தோல் மண்டிப் பியானோ

பியானோவில் வழுக்க முடியாது. ஒரு கட்டையை அமுக்கினால் ஒரு சத்தம், பக்கத்துக் கட்டையை அமுக்கினால் அடுத்த சத்தம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழைச் சந்து இருக்கிறது. அதில் தூசிதான் இருக்கும். நம்முடைய சங்கீதம் குடியிருப்பதோ அந்தச் சந்தில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு நான் பட்ட பாடெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

பியானோ எனக்குத் தெரிந்தது திருச்சியில் நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தின் புண்ணியம். டிரில் வகுப்பிலிருந்து தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது, பாட்டு வகுப்பில் சேருகிற பையன்களுக்கு டிரில் கிடையாது என்று ஒரு விதி இருப்பது தெரிந்தது. சேர்ந்துவிட்டேன். விதிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் அந்தப் புத்திதான் பிற்பாடு எனக்குச் சர்க்கார் உத்தியோகம் வாங்கித் தந்து ஆயுசுக்கும் சோறு போட்டது. எந்தக் காரியத்துக்கு யாரிடம் போக வேண்டும், அவர் இல்லாவிட்டால் யாரிடம் போக வேண்டும், இருவரும் மறுத்தால் எந்த அரசாணையைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆபீசில் என்னிடம் வழி கேட்காதவர்கள் பியூன் முதல் தாசில்தார் வரை யாரும் கிடையாது.

ஐம்பதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், கோட்டைப் பக்கம் ஒரு கொட்டகையில் நாங்கள் ஒரு இங்கிலீஷ் படம் பார்த்தோம். வானத்திலிருந்து ஒரு வெளிச்சம் இறங்கி ஏதோ ஒரு ஊரின் கிணற்றில் உட்கார்ந்துகொள்கிறது. ஊரே ஓடுகிறது. கதை அவ்வளவுதான். ஆனால் அந்த வெளிச்சம் வரும்போதெல்லாம் ஒரு சத்தம் வந்தது. பிடிலும் இல்லை, மனுஷக் குரலும் இல்லை. மெல்ல ஏறி, உச்சியில் நின்று ஊசலாடி, ஒரு மூச்சில் கீழே வழிந்து இறங்கும். அது மின்சாரத்தால் உண்டாக்கும் ஓசை, வாசிக்கிறவர் கருவியைத் தொடுவதே இல்லை, எதிரில் நின்று காற்றில் கையை அசைப்பார், அவ்வளவே என்று பிறகு ஒரு பத்திரிகையில் படித்தேன்.

கொட்டகையே நடுங்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏன்னா, அந்தக் காந்தாரத்தைக் கேட்டேளா? தோடி மாதிரி அசையறது."

"பிசாசு வந்துண்டிருக்கு. நீ ராகம் பாக்கறயே?"

"தோடி பாடற பிசாசுக்கு நான் எதுக்குப் பயப்படணும்? நன்னா பாடறதே!"

அவள் சிறு வயதிலிருந்து முறையாகப் பாட்டுக் கற்றவள். நவராத்திரிக்கு ஸ்ரீரங்கத்தில் நாலு வீதியிலும் அவளைக் கூப்பிட்டுப் பாடச் சொல்வார்கள். படம் ஊரை விட்டுப் போவதற்குள் இன்னொரு தடவையும் பார்த்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அதன் பிறகு அந்த இசை அவள் தொண்டையில்தான் இருந்தது. ரசம் கொதிக்கிற நேரத்தில் தளிகை உள்ளிலிருந்து அது புறப்பட்டு வரும். வழுக்கல், ஊசலாட்டம் எதுவும் குறையாமல் வரும். அந்த வேற்றுக் கிரகவாசிக்கு எங்கள் அகத்தில்தான் ஜாகை என்று நான் சொல்வேன்.

அப்புறம் அவளுக்கு இருமல் வந்தது. சாயங்கால ஜுரம் வந்தது. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சில் வலப்பக்கம் க்ஷயம் என்றார் டாக்டர். முன்காலம் போல் பயப்பட வேண்டாம், புது ஊசி வந்திருக்கிறது, அது கைவிடாது என்றார். பாடக் கூடாது, உரக்கப் பேசவே கூடாது என்று உத்தரவு போட்டார். எங்கள் வீதியில் அதுவரை வாசலில் நின்று பேசியவர்கள் எதிர்ச்சாரியில் நடக்கத் தொடங்கினார்கள். பெருமாள் பார்த்துப்பார் என்று அங்கிருந்தே சொன்னார்கள்.

ஊசி கைவிடவில்லை. ஜுரம் நின்றது, உடம்பு தேறியது. ஒருநாள் சாயங்காலம் அவள் சந்தோஷமாகச் சொன்னாள்:

"ஏன்னா, முனிசிபாலிட்டிக்காரா கடைசியிலே மருந்து அடிச்சுட்டா போலிருக்கே. கொசுவே காணோம்."

நான் முழங்கையைச் சொறிந்துகொண்டே அவளைப் பார்த்தேன். அவள் கையிலும் தடித்திருந்தது. காதோரம் ஒன்று ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்தில் கொசு ஒழிந்தது என்று ஒருத்தி நம்புகிறாள் என்றால் ஒன்று முனிசிபாலிட்டி மாறியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் காது மாறியிருக்க வேண்டும். முனிசிபாலிட்டியை எனக்கு நன்றாகத் தெரியும்.

டாக்டரிடம் அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இந்த ஊசிக்கு அந்தக் குணம் உண்டு சார். சிலபேருக்குக் காதைப் பிடிக்கும். மேல் சத்தம் முதல்ல போகும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கீழ வரும்."

"எங்கே நிக்கும்?"

"சொல்ல முடியாது. ஊசியை இப்ப நிறுத்தினா காது இதோட நிக்கலாம். ஆனா நெஞ்சுக்கு நான் பொறுப்பில்லை."

"ரெண்டையும் காப்பாத்த வேறே மருந்து?"

"இருந்தா நான் ஏன் சார் உங்களை யோசிக்கச் சொல்றேன்?"

எங்கள் ஆபீசில் இரண்டும் கெட்ட நிலை வந்தால் மேலிடத்தின் உத்தரவுக்கு எழுதிவிட்டு டீ சாப்பிடப் போவோம். நான் பழக்கதோஷத்தில், இதற்கு மேலே யாரைப் பார்க்கலாம் என்று கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள்தான் பதில் சொன்னாள். "ஊசியைப் போடுங்கோ டாக்டர். மூச்சு இருந்தாத்தானே கேக்கறதுக்கு ஆளுண்டு?"

பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது என் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். காது போறதுக்குள்ளே அந்தப் பிசாசை இன்னொரு தடவை கேக்கணும். என்னாலே பாட முடியாது. நீங்க ஏதாவது பண்ணுங்கோ."

ஊரில் எல்லோருக்கும் வழி சொல்கிறவனிடம் அவள் கேட்டது இது ஒன்றுதான். கொட்டகையில் விசாரித்தேன், படம் வடக்கே போய்விட்டது, திரும்பி வராது என்றார்கள். மெட்ராஸில் தெரிந்தவர் மூலம் இசைத்தட்டு தேடினேன். அப்படி ஒரு தட்டே போடவில்லை. ரேடியோ நிலையத்தில் வேலை செய்த சிநேகிதரைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மிச்சம் இருந்தது என் பத்து விரல்கள். பியானோவுக்கு எங்கே போவது?

பாலக்கரையில் தோல் மண்டி வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் லைசென்ஸ் விஷயமாக எங்கள் ஆபீசுக்கு வந்து போவார். சீமைக்குத் திரும்பிய கம்பெனி துரை ஒருவரின் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, ராவுத்தருக்கு மின்விசிறிகள் தேவையாயிருந்தன. ஏலக்காரன் விசிறியையும் பியானோவையும் ஒரே குவியலாகக் கூவிவிட்டான். விசிறிகள் மண்டியில் சுழன்றன. பியானோ மண்டியின் முன்னறையில், சாக்குத் துணி போர்த்தி, உப்புத் தடவிய ஆட்டுத் தோல் கட்டுகளுக்கு நடுவில் நின்றது. நம்மிடம் காரியம் ஆகவேண்டியவர் வீட்டில் எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று எங்கள் நடத்தை விதி சொல்கிறது. பணம், பண்டம், விருந்து, வாகனம் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். பியானோ வாசித்துவிட்டு வருவதைப் பற்றி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. நான் போனேன்.

விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். வீட்டில் உள்ளவளுக்கு க்ஷயம் என்பதையும் சொன்னேன்.

"கூட்டிட்டு வாங்க சாமி. தோல் மண்டியில இல்லாத கிருமியா தங்கச்சிகிட்ட இருக்கப் போவுது?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொல்லிடுறேன். எங்கத்தா காலத்திலேர்ந்து எங்க வீட்ல பாட்டு, மேளம் வழக்கமில்லே. நான் கேக்க மாட்டேன். நீங்க வாசிக்கிறப்ப அந்தாண்டை போயிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அப்படித்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் உள்ளே நுழைவோம். அவர் நலம் விசாரிப்பார். நான் சாக்கை விலக்கியதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் தோல் காயும் முற்றத்துக்குப் போய்விடுவார்.

என் மனைவி முதல்நாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "போறதுதான் போறது, மூக்கு போயிருக்கப்படாதோ? காதுதானா கெடைச்சுது அந்த ஊசிக்கு?"

நான் வாசித்தேன். படத்தில் அந்தச் சத்தம் தொடங்கிய இடத்தில், பியானோவின் வலப்பக்கம் மேலே தொடங்கினேன். அவள் தலையை ஆட்டினாள், ஆமோதிப்பாக இல்லை.

"நீங்க வாசிக்கறது ஏணி. ஒவ்வொரு படியா காலை வெச்சு ஏறறேள். அது ஊஞ்சல்னா."

எனக்குத் தெரியாதா? சந்து சந்தாகத் தாண்டாமல் என்ன செய்வது? பக்கத்து இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றி உருட்டினேன். தந்தி ஆபீஸ் போல் இருந்தது. ஒரு ஸ்வரத்துக்கு முன்னால் கீழ் ஸ்வரத்தைத் தொட்டும் தொடாமலும் உரசினேன். விக்கல் போல் இருந்தது. மிதிகட்டையை அமுக்கிப் பழைய சத்தம் அடங்குவதற்குள் புதுசை அதன் மேல் ஊற்றினேன், கலங்கிய குட்டை. ஒவ்வொன்றுக்கும் அவள் காற்றில் கையால் கோடு போட்டுக் காட்டுவாள், "இப்படிப் போய், இங்கே தொங்கி, இப்படி விழணும்". பாடிக் காட்ட முடியாதவளும் வழுக்கத் தெரியாதவனும் தோல் கட்டுகளுக்கு நடுவில் காற்றில் எழுதி அழித்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "அதையே பிடிச்சுத் தொங்காதீங்கோ. கீர்த்தனை வராட்டா ஸ்வரம் போடறதில்லையா? அதைச் சுத்திச் சுத்தி வாங்கோ. நடுவிலே அது இருக்குன்னு நான் நெனைச்சுக்கறேன்."

அதன் பிறகுதான் விளையாட்டுப் பிடித்தது. அந்த ஏற்றத்தை நடைபோட்டு வாசித்தேன். பள்ளிக்கூடத்து மாதாகோயில் பாட்டு மாதிரி நாலு விரலை ஒன்றாக வைத்து வாசித்தேன். ரயில் பாலம் தாண்டுகிற மாதிரி இடது கையை ஓடவிட்டு, வலது கையில் வெளிச்சத்தைக் கிணற்றுக்குள் இறக்கினேன். அவள் ஆதி தாளம் போடுவாள். தொடையில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, மறுபடி தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. தாளம் தப்பினால் என்னைத்தான் முறைப்பாள். இருமல் இல்லாமல் சிரித்த சத்தத்தை அங்கேதான் நான் மறுபடி கேட்டேன். ராவுத்தர் முற்றத்தில் ரொம்ப தூரம் போகவில்லை என்பதும் தெரிந்தது. நான் நிறுத்தின உடனே அவர் தொண்டையைக் கனைக்கிற சத்தம் கதவுக்குப் பின்னாலிருந்தே வந்தது.

ஆனால் ஊசி வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிறு, வலப்பக்கக் கோடியில் நான் வாசித்ததற்கு அவள் கை அசையவில்லை. "ஆரம்பிக்கலையா?" என்றாள். ஒரு ஸ்தாயி கீழே இறங்கித் தொடங்கினேன், கை அசைந்தது. சில வாரம் கழித்து அங்கேயும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தேன். இப்படியே அந்தக் கிரகவாசி மாதா மாதம் ஆண் குரலாகிக்கொண்டு வந்தது. வெள்ளம் ஏறுகிறபோது சாமானைப் பரணுக்கு ஏற்றுவார்கள். நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். மேலிருந்து விழுங்கிக்கொண்டு வந்த ஒன்றுக்குத் தப்பி, அந்தப் பாட்டைக் கீழே கீழே எடுத்துவைத்தேன். இடப்பக்கம் எத்தனை கட்டை மிச்சம் என்று நான் பார்ப்பதே இல்லை.

அந்தச் சமயத்தில் அவள் என் முகத்தையே பார்க்கத் தொடங்கினாள். பேசினால் போதும், கண்ணை எடுக்காமல் உதட்டைப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை இப்படிப் பார்த்ததில்லை. படித்தவன், விவரம் தெரிந்தவன், அதைப் பிரியம் என்று எடுத்துக்கொண்டேன். மண்டியிலும் ஜன்னலோரம் போட்டிருந்த நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அங்கே தோல் நாத்தம் அடிக்கறது" என்றாள். இங்கே மட்டும் சந்தனமா மணந்தது?

ஐப்பசி பிறந்தபோது டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நெஞ்சு சுத்தம் என்றார். ஊசி நின்றது. காதைப் பற்றிக் கேட்டேன். இதுவரை போனது போனதுதான், இனிமேல் போகாது, அடிச் சத்தம் பாக்கி இருக்கும் என்று நம்பலாம் என்றார். நம்பலாம் என்பது எங்கள் ஆபீசில் நாங்களும் எழுதுகிற வார்த்தைதான். அன்றைக்கு மட்டும் அதை நான் வேறு மாதிரி படித்தேன்.

அந்த ஞாயிறு மழை விடாமல் பெய்தது. பஸ்ஸில் நனைந்துகொண்டே போனோம். ராவுத்தர் சந்தோஷமாக, "அல்ஹம்துலில்லாஹ், தங்கச்சிக்கு நல்லாயிருச்சாமே!" என்றார். அவள் அவர் உதட்டைப் பார்த்துக் கைகூப்பினாள். அவர் வழக்கம் போல் அந்தாண்டை போனார்.

நான் உட்கார்ந்தேன். அடிக் கட்டைகளில், இடப்பக்கக் கோடிக்கு அருகில், பாட்டைத் தொடங்கினேன். விரலுக்கு அடியில் கட்டை இறங்கியது. சத்தம் வரவில்லை.

மறுபடி அமுக்கினேன். 'டொக்' என்று மரம் மரத்தைத் தொட்டது, அவ்வளவுதான். பியானோவின் இடப்பக்கம் வெளிச்சுவரை ஒட்டியிருந்தது. சுவர் ஊறியிருந்தது, சுற்றிலும் உப்புத் தோல் வேறு காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் இழுத்துவைத்திருந்தது. உள்ளே மரம் ஊதிச் சுத்தியல்கள் எழும்பாமல் கிடந்தன. நடுவில் ஒன்றிரண்டு கட்டை பேசின. விடாமல் விரலை ஓட்டிப் பார்த்தும் அடியில் ஒன்றுகூடப் பேசவில்லை.

"இன்னிக்கு முடியாது போலிருக்கு" என்று சொல்வதற்காகத் திரும்பினேன்.

அவள் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

தட்டு, விரல் எண்ணிக்கை, தட்டு, வீச்சு. தலை லேசாக அசைந்தது. என் விரல்கள் தாமாகவே நின்றன. இரண்டு எண்ணிக்கை தாண்டி அவள் கையும் நின்றது. அவள் கண் என் வலது கால் மேல் இருந்தது. வாசிக்கும்போது குதிகாலால் தாளம் தட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு. அவள் நிமிர்ந்தாள்.

"ஏன் நிறுத்திட்டேள்? நன்னாத்தானே வந்துண்டிருந்தது?"

எந்த ஞாயிற்றுக்கிழமையோடு அவள் காது முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. நாற்காலியை நகர்த்திய அன்றா, அதற்கும் முன்னாலேயா, எத்தனை வாரம் நான் வெள்ளத்துக்குத் தப்பித்துக்கொண்டிருப்பதாக நினைத்துத் தண்ணீருக்கு அடியில் வாசித்துக்கொண்டிருந்தேன்? எனக்கு அது தெரியக் கூடாது என்று அவள் என் காலைப் பார்த்துத் தாளம் போட்டிருக்கிறாள். இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியக் கூடாது. எந்த விதியும் ஞாபகத்துக்கு வரவில்லை. திரும்பி உட்கார்ந்து, சத்தம் வராத கட்டைகளில் விரலை வைத்து, குதிகாலை நன்றாகத் தெரிகிற மாதிரி தட்டிக்கொண்டு வாசித்தேன்.

கதவு திறந்தது. ராவுத்தர் தலையை நீட்டினார். "என்ன சாமி, கிளம்பிட்டீங்களோன்னு பார்த்தேன். சத்தமே காணோமே?"

நான் விரலை எடுக்காமல் அவரைப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். முற்றத்துக்குத் திரும்பவில்லை. மெதுவாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு தோல் கட்டின் மேல் துண்டை விரித்தார்.

"சத்தம் இல்லியே. அப்ப நான் உக்காரலாம்ல?" என்றார்.

அவள் அவரைக் கண்டு சிரித்தாள். தாளத்தை விடாமல், தலையை மட்டும் என் பக்கம் சாய்த்தாள்.

"ஏன்னா, இன்னிக்குத்தான் அது வந்தது. வழுக்கல். அன்னிக்குக் கொட்டகையிலே கேட்டது அப்படியே."

ராவுத்தர் தரையைப் பார்த்தார். வெளியே மழை வலுத்திருந்தது. தாளத்தின் ஆவர்த்தனம் முடியாமல் எழுந்திருப்பது மரியாதை இல்லை. அவள் கை நிற்கிற வரைக்கும் வாசித்தேன். அது சீக்கிரம் நிற்கவில்லை.